விற்காத பதிவுகள் விலைக்கு வந்தபோது: கடலூர், புதுச்சேரி நாதஸ்வர ரசிகர்களிடையே நடந்த ஒரு நிகழ்வு

பின்னணி

கடலூரிலும் புதுச்சேரியிலும் நாதஸ்வரம் கேட்பதற்காகவே கோயில் கோயிலாகப் போகும் ஒரு சிறு கூட்டம் உண்டு. தபால் துறை ஓய்வூதியர், வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, ஒலி அமைப்பு வேலை செய்யும் இளைஞர், வழக்கறிஞர் ஒருவர் என்று பத்துப் பதினைந்து பேர். சங்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. தலைவர், செயலாளர் கிடையாது. சிதம்பரம் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை, திருப்பாதிரிப்புலியூர்த் தேர், வில்லியனூர்த் தேர் என்று திருவிழாக்களில் பார்த்துப் பழகியவர்கள். நானும் அதில் ஒருவன்.

சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியைக் கம்பீர நாட்டை ராகத்தில் ஆரம்பித்து, வீதி முக்கில் மேளம் நின்றதும் ஒரே ராகத்தை முக்கால் மணி நேரம் விரிக்கும் வாசிப்பு சபா மேடைகளில் அபூர்வம். இசைத்தட்டு, கேசட் கம்பெனிகள் அந்தப் பக்கம் வந்ததும் இல்லை. எனவே அந்த வாசிப்பு இன்று கேட்கக் கிடைக்கிறது என்றால், அன்றைக்கு யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரோடு பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று அர்த்தம்.

எங்களில் மூத்தவர் அப்படி நின்றவர். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தோளில் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு புறப்பாட்டுக்குப் பின்னால் நடந்தவர். சி-90 கேசட், ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஆலாபனை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் பக்கம் தீர்ந்துவிடும். இருட்டில் கேசட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி அழுத்துவதற்குள் சில விநாடி போய்விடும். அந்த இழப்பை இன்றும் வருத்தத்தோடு சொல்வார். ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் வித்வான் பெயர், தவில் யார், எந்தக் கோயில், என்ன தேதி, என்ன வாசித்தார் என்று சிறு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பரிமாற்ற வழக்கத்தையும் அவர்தான் ஏற்படுத்தினார். காசு வாங்கக் கூடாது. ஒரு பதிவு வேண்டுமென்றால் புது கேசட்டும் போக வரத் தபால் செலவும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றிக்கொள்ளத் தன்னிடம் எதுவும் இல்லாத புதியவருக்கும் இதே ஏற்பாடு. வாங்கியவர் அதை இன்னொருவருக்குத் தரலாம். அவரும் விற்கக் கூடாது. ‘அந்த அபூர்வப் பதிவைத் தந்தால்தான் இதைத் தருவேன்’ என்ற பேரத்தை அவர் அடியோடு வெறுத்தார்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழுவின் ரசிகர்களிடம் கிட்டத்தட்ட இதே வழக்கம் இருந்தது என்பதை எங்கள் வங்கி நண்பர் படித்துவிட்டுச் சொன்னார். வெறும் கேசட், தபால் செலவு, விற்பனை இல்லை என்ற மூன்றும் அங்கேயும் அப்படியே. அந்தக் குழு 1984-இல் தன் கச்சேரிகளில் பதிவு செய்வோர் நிற்பதற்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. இதைக் கேட்டதும் நாங்கள் செய்வதும் அதுதான் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அங்கே வாசித்தவர்களே சம்மதம் கொடுத்திருந்தார்கள். இங்கே கோயிலுக்கு வாசிக்க வந்த மேளக்காரரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வித்தியாசம் பல வருடம் யார் கண்ணிலும் படாமலே இருந்தது.

கேசட்டிலிருந்து கணினிக்கு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மூத்தவர் வீட்டு ஓட்டில் ஒரு பகுதி போனது, மழைத் தண்ணீர் அலமாரியின் கீழ்த்தட்டில் ஏறியது. கடலூரில் பல நாள் மின்சாரமும் இல்லை. கேசட்டுகளைக் காயவைத்துத் துடைத்து எடுத்து வைத்தார். ஆனால் அடுத்த மழைக்காலத்துக்குள் பல நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவானது. லாஸ்பேட்டையில் இருக்கும் ஒலி அமைப்பு இளைஞர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். பூஞ்சையைத் துடைத்து, டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகாணியால் சரிபார்த்து ஓடவிட வேண்டும். 90 நிமிடக் கேசட்டை ஏற்ற 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினால் ஒரு கேசட் ஒன்றரை ஜிபி. அதை ஒலி குறையாத ஃப்ளாக் கோப்பாகச் சுருக்கி வைத்தார். கூலி வாங்கவில்லை.

இதில் இன்னொன்றும் நடந்தது. கேசட் காலத்தில் பிரதி எடுப்பது சிரமமான வேலை. எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். நாலாவது கைக்குப் போவதற்குள் தவிலின் வலந்தலை (வலது பக்கம்) மங்கிவிடும். ஆகவே பதிவுகள் தாமாகவே ஓர் எல்லைக்குள் நின்றன. ஹார்டு டிஸ்க்குக்கு வந்த பிறகு மொத்தச் சேகரிப்பையும் ஒரு மத்தியானத்தில் இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம் என்றானது. வழக்கம் மட்டும் பழைய வழக்கமாகவே இருந்தது.

கண்ணில் பட்டது

கொரோனாவுக்குப் பிறகு வந்த ஒரு மாசி மகம். பல ஊர்ச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் வைத்திக்குப்பம் கடற்கரையில், வளையலும் பொம்மையும் விற்கும் கடைகளுக்கு நடுவே பக்திப் பாடல் பென் டிரைவ் விற்கும் ஒரு கடை. நாதஸ்வர மங்கள இசை என்று அட்டையில் போட்டு 350 ரூபாய் விலை. எங்கள் ஆசிரியை ஆர்வத்தில் ஒன்று வாங்கினார்.

அன்று இரவே மூத்தவருக்குப் போன் செய்தார். தோடி ராக ஆலாபனையில் ஓரிடத்தில் வாசிப்பு அறுந்து மறுபடி வேறோரிடத்தில் தொடங்குகிறது, கேட்ட மாதிரி இருக்கிறது என்றார். மூத்தவர் போனிலேயே அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, “அது நான் கேசட் திருப்பின இடம்” என்று சொன்னார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து வித்வான் ஒருவர் 1997-இல் ஒரு கோயில் மண்டபத்தில் வாசித்தது. அவர் காலமாகிச் சில வருடம் ஆகிவிட்டது.

பென் டிரைவில் இருந்த கோப்புகளுக்கு மங்கள இசை 1, மங்கள இசை 2 என்று எண் மட்டும். அட்டையில் புகழ்பெற்ற வேறொரு வித்வானின் படம். வாசித்தவர் பெயரும் தவில்காரர் பெயரும் எங்கேயும் இல்லை.

உறுதி செய்தது எப்படி

கேட்ட மாதிரி இருக்கிறது என்பதை வைத்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். லாஸ்பேட்டை இளைஞர் மூன்று வகையில் சோதித்தார்.

கேசட் திருப்பிய இடம் முதல் சோதனை. அதே கச்சேரியை வேறொருவர் பதிவு செய்திருந்தால் அவருடைய கேசட் அதே நொடியில் தீர்ந்திருக்காது. பென் டிரைவில் இருந்த பதிவு எந்த ஸ்வரத்தில் அறுந்து எந்த ஸ்வரத்தில் தொடங்கியதோ, மூத்தவரின் கேசட்டிலும் அங்கேயே அறுந்து அங்கேயே தொடங்கியது.

இரண்டாவது, சுருதி. அன்று ரெக்கார்டரில் பேட்டரி தளர்ந்திருந்ததால் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. அதைச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் எல்லாம் ஆறு சதவீதம் வேகமாகி, இரண்டு கட்டை நாயனம் இரண்டரைக் கட்டையாகக் கேட்கும் (கட்டை என்பது சுருதியின் அளவு). இளைஞர் ஏற்றும்போதே இதைக் கவனித்துச் சரி செய்திருந்தார். பதிவில் கேட்கும் ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையரின் ரீங்காரத்தை அளந்து பார்த்தார். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ரீங்காரம் எந்த அளவுக்கு விலகியிருக்கிறது என்பதை வைத்து வேகத்தைக் கணிக்கலாம். ஆனால் அந்த வருடங்களில் இங்கே மின்சாரம் 50-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். அதனால் அதை மட்டும் நம்பாமல், அந்த வித்வான் வாசித்தது இரண்டு கட்டை என்று தெரிந்தவர்களிடம் கேட்டு, இரண்டையும் வைத்து இறக்கினார். பென் டிரைவில் இருந்ததும் இப்படி இறக்கிய சுருதியிலேயே இருந்தது. ஆக, கேசட்டிலிருந்து யாரோ தனியாக எடுத்தது இல்லை. கணினியில் ஏற்றிய பிரதியிலிருந்து போனது.

மூன்றாவது சோதனைதான் தேட வேண்டிய ஆட்களைக் குறைத்துக் காட்டியது. முதல் முறை ஏற்றியபோது ஒரு கேபிள் தளர்ந்து இடது பக்க ஒலி குறைந்திருந்தது. இளைஞர் பிறகு மறுபடி ஏற்றி நல்ல பிரதியைக் கொடுத்தார். குறையுள்ள முதல் பிரதி மூன்று பேரிடம் மட்டும் போயிருந்தது. பென் டிரைவில் இருந்ததும் இடது பக்கம் குறைந்த பிரதிதான். 128 கிலோபிட் எம்பி3 ஆக்கியிருந்தார்கள். ஒன்றரை ஜிபியாக இருந்தது 90 எம்பிக்கும் குறைவாகி, சீவாளியின் (ஊதும் நாணல் துண்டின்) கூர்மையெல்லாம் போய் நாயனம் தகரம் போலக் கேட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், விஷயம் தெளியும் வரை யாரும் யாருக்கும் எதுவும் தருவதில்லை என்று நிறுத்தினோம். குற்றம் செய்யாத பத்துப் பேருக்கும் இது தண்டனைதானே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்டை எங்கே என்று தெரியாமல் தொடர்ந்து ஊற்றுவதில் பயனில்லை என்பது பெரும்பாலானவர்கள் கருத்து.

அடுத்து, அந்த மூன்று பேரிடமும் எல்லோர் முன்னாலும் விசாரிப்பதா, தனித்தனியாகப் பேசுவதா என்று வந்தது. மூத்தவரே தனியாகப் போய்ப் பேசுவது என்று தீர்மானித்தோம். வருடக்கணக்கான பழக்கம், சபையில் கேட்டால் உண்மையைச் சொல்ல நினைப்பவரும் மறைத்துவிடுவார். இது சரியான முடிவாக அமைந்தது. இரண்டாவதாகப் பார்த்த நண்பர் அவராகவே சொல்லிவிட்டார். வில்லியனூர்ப் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உறவுக்காரர் கேட்டாரென்று ஹார்டு டிஸ்க்கை இரவல் கொடுத்திருக்கிறார். ‘டிஸ்க் காசு’ என்று 500 ரூபாய் வாங்கியிருக்கிறார். விற்றதாக அவர் நினைக்கவில்லை. கடைக்காரர் வாடிக்கையாளர்களின் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருபவர். அவர் ஏற்றிக் கொடுத்ததிலிருந்து யாரோ மொத்தமாக எடுத்து பென் டிரைவ் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் தடம் கிடைக்கவில்லை.

அந்த 500 ரூபாயைப் பற்றி நிறையப் பேசினோம். டிஸ்க்குக்கும் பெட்ரோலுக்கும் ஆன செலவுதான் என்றார் நண்பர். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் நினைக்கவில்லை. என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான்: செலவுக்கென்று ரொக்கம் வாங்கினாலே வாங்குபவர் மனதில் அது விலையாகிவிடுகிறது. கொடுத்த காசுக்குக் கிடைத்த பொருள், இனி என் இஷ்டம் என்று அவர் நினைப்பதைத் தடுக்க முடியாது. வெறும் கேசட்டை வாங்கிக்கொண்டு நிரப்பித் தந்த காலத்தில் இந்தக் குழப்பம் வந்ததில்லை.

போலீசில் புகார் கொடுப்பதா என்பது பெரிய வாதமாக இருந்தது. வழக்கறிஞர் நண்பர் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவருக்கென்று தனி உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. 1999 திருத்தத்தில் அதன் காலம் 50 வருடமாக நீண்டது. 1997-இல் வாசித்ததற்கு 2047 முடிய உரிமை இருக்கிறது. 2012 திருத்தம், வாசித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், வாசிப்பைச் சிதைத்து அவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தது. சரி, எங்கள் நிலை என்ன? பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்துகொள்வதை 39-ஆம் பிரிவு குற்றமாக்கவில்லை. மூத்தவர் தனக்காகப் பதிவு செய்தது அதற்குள் அடங்கும். அதைப் பத்துப் பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தது அடங்கும் என்று அந்தப் பிரிவை வைத்துச் சொல்ல முடியாது. காசு வாங்கவில்லை என்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்றார் அவர்.

கூடத்தில் சிறிது நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மூத்தவர்தான் சொன்னார்: “அப்போ புகார் கொடுக்க வேண்டியவங்க நாம இல்ல. வாசிச்சவங்க வீட்டுக்காரங்க. முதல்ல அவங்களுக்குச் சொல்லணும்.” சொல்லாமல் விட்டுவிடலாம், அவர்களுக்குத் தெரியவே போவதில்லை, தெரிந்தால் மனக்கஷ்டம்தான் என்று இரண்டு பேர் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. வேறு யார் மூலமாவது தெரிந்துகொண்டால், விற்றதே நாங்கள்தான் என்று நினைப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நடந்த எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

வித்வான் வீட்டில்

மூத்தவர், ஆசிரியை, நான் மூவரும் போனோம். வித்வானின் மனைவியும் மகனும் இருந்தார்கள். மகனும் நாயனம் வாசிப்பவர். கல்யாண முகூர்த்தங்களுக்கும் கோயில்களுக்கும் போகிறார். நடந்ததை ஒன்று விடாமல் மூத்தவர் சொன்னார். பென் டிரைவையும் கொடுத்தார்.

விலையைப் பற்றி மகன் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கப்பா பேர் எங்கேயுமே இல்லையே, சார்” என்றார். வேறொருவர் படத்தைப் போட்டிருந்தது அவருக்குத் தாங்கவில்லை. பிறகு மூத்தவரிடம் திரும்பி, அப்பா வாசித்தது உங்களிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். பதினோரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றார் மூத்தவர்.

“எத்தனையோ பேர் வீட்டுல எங்கப்பா வாசிக்கிறாரு. எங்க வீட்டுல ஒரே ஒரு கல்யாணக் கேசட்தான் இருந்துச்சு, அதுவும் நாடா அறுந்துபோச்சு” என்றார் அவர். அப்பாவிடம் தோடி கற்றுக்கொள்ளும்போது பாதியில் அவர் படுத்துவிட்டார் என்றும், மீதியை நினைவில் வைத்தே வாசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அம்மா எதுவும் பேசவில்லை. கடைசியில், “எல்லாத்தையும் கேக்கணும், தம்பி. போட்டுக் காட்டுவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

காசு வாங்காமல், பேரம் பேசாமல், அட்டையில் பெயர் எழுதி எத்தனையோ வருடம் ஒழுங்காக நடந்த பரிமாற்றத்தில், பதிவு ஒருமுறைகூட வாசித்தவர் வீட்டு வாசலுக்குப் போகவில்லை. ரசிகனிடமிருந்து ரசிகனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. விற்காமல் இருந்ததால் வித்வானுக்கு மரியாதை செய்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். பாதி மரியாதைதான் நடந்திருக்கிறது என்பது அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

மகன் சொன்ன நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. எல்லாப் பதிவிலும் ஒரு முழுப் பிரதி வீட்டுக்கு வேண்டும். ரசிகர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம், விற்கக் கூடாது, இணையத்தில் ஏற்றக் கூடாது; ஏற்றுவதாக இருந்தால் தான் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். ஒரு பதிவை மட்டும் யாருக்கும் தரக் கூடாது. அது வித்வானின் கடைசி வருடத்தில் நடந்த ஒரு கல்யாணக் கச்சேரி. மூச்சு வாங்க முடியாமல், சீவாளியும் ஒத்துழைக்காமல் வாசித்தது. எங்கள் கூட்டத்தில் அந்தப் பதிவை உயிராக நினைத்தவர்கள் உண்டு. அவ்வளவு கஷ்டத்திலும் வந்த ஒரு முகாரி ராகத்துக்காக. “அப்பா இருந்தா அதை வெளியே விட்டிருக்க மாட்டாரு” என்றார் மகன். அதற்கு மேல் வாதம் செய்ய ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நடந்தவை

குடும்பத்தார் புகார் கொடுக்க விரும்பவில்லை. மகன் தானே எங்களில் ஒருவரோடு போய், பென் டிரைவ் விற்ற கடைக்காரரைப் பார்த்தார். திருவிழாவுக்குத் திருவிழா கூடாரம் போடும் எளிய மனிதர். மொத்த வியாபாரியிடம் பெட்டியாக வாங்கி விற்பவர், உள்ளே என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. கையில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டார். வில்லியனூர்க் கடைக்காரர் கணினியிலிருந்து அழித்தார். ஆனால் அந்தப் பென் டிரைவ் சந்தையிலிருந்து போய்விடவில்லை. அடுத்த வருடம் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதே பாட்டு வேறு அட்டையில் கிடைத்தது. வெளியே போனது திரும்பாது.

டிஸ்க் கொடுத்த நண்பர் அந்த 500 ரூபாயை உறவுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். யாரும் அவரை விலக்கவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. நல்ல காதுள்ள மனிதர். அவர் போனது எங்களுக்கு இழப்பு.

மூத்தவர் அலமாரியைப் பூட்டிவிட்டுப் பல மாதம் யாருக்கும் எதுவும் தரவில்லை. அந்த வீட்டுப் பிரதி மட்டும் உடனே போனது. இளைஞர் நல்ல பிரதிகளை எல்லாம் சேர்த்து, மகனுக்கு ஹார்டு டிஸ்க்கில் ஃப்ளாக்காகவும், அம்மா கேட்பதற்குத் தனியாக ஒரு பென் டிரைவிலும் கொடுத்தார். பென் டிரைவைச் செருகிப் பாட்டு கேட்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் ஆசிரியை வாங்கிக் கொடுத்தார். தோடி ஆலாபனையில் இல்லாமல் போன அந்தச் சில விநாடியில் அப்பா எந்தப் பிடியை வாசித்திருப்பார் என்பதை மகன் மூத்தவருக்கு போனில் வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அலமாரி திறந்தது.

மாற்றிக்கொண்டவை

விற்கக் கூடாது என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. செலவுக்கென்றும் ரொக்கம் கிடையாது. வேண்டுபவர் புது டிஸ்க்கையோ பென் டிரைவையோ கொண்டுவந்து கொடுத்து நிரப்பி வாங்கிப் போகலாம். மொத்தச் சேகரிப்பை யாருக்கும் ஒரே மூச்சில் தருவதில்லை. கேட்ட கச்சேரியை, கேட்டவருக்கு. மெதுவாகப் போகிறது என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த வேகம் போதும். ஒரு கச்சேரியை வாங்கியவர் அதைக் கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கிறார், முன்போல டிஸ்க்கை நிரப்பி மூலையில் வைப்பதில்லை.

பெயர் விஷயத்தில்தான் அதிகம் உழைத்தோம். முன்பு விவரம் எல்லாம் ஒரு தனி எழுத்துக் கோப்பில் இருந்தது. பிரதி எடுப்பவர் அதை விட்டுவிட்டால் பெயர் போய்விடும், அப்படித்தான் போனது. இப்போது கோப்பின் பெயரிலேயே வித்வான், தவில்காரர், கோயில், வருடம் இருக்கின்றன. கோப்புக்குள் இருக்கும் விவரப் பகுதியிலும் உண்டு. அதற்கு மேல், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஆசிரியையின் குரலில் ஓர் அறிவிப்பைச் சேர்த்திருக்கிறோம்: யார் வாசித்தது, யார் தவில், எங்கே, எப்போது, விற்பனைக்கு அல்ல. வெட்டி எடுப்பவர் எடுக்கத்தான் செய்வார். ஆனால் இனி பெயர் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இசைக்கு முன்னால் பேச்சு வருவது உறுத்துகிறது என்று சிலர் சொன்னார்கள். அறிவிப்பு இல்லாத மூலப் பிரதி மூத்தவரிடமும் வித்வான் வீட்டிலும் இருக்கிறது, அது போதும்.

எம்பி3 ஆக்கியதை மறுபடி ஃப்ளாக் ஆக்கித் தருவது முற்றிலும் விலக்கு. போன ஒலி திரும்ப வராது. வாங்குபவர் மட்டும் ஏமாறுவார். இரைச்சல் நீக்கம், வேகத் திருத்தம் என்று எதைச் செய்தாலும் எழுதி வைக்க வேண்டும், திருத்தாத பிரதியையும் காப்பாற்ற வேண்டும். கம்பெனியோ குடும்பத்தாரோ ஒரு கச்சேரியை முறையாக வெளியிட்டால் அன்றோடு அதன் பரிமாற்றம் நிற்கும். மகன் பிறகு ஒரு மல்லாரியைத் தன் அப்பா பெயரோடு யூடியூபில் ஏற்றினார். அந்த மல்லாரி வேண்டும் என்பவர்களுக்கு இப்போது அந்த இடத்தைத்தான் காட்டுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, முதல் பிரதி வாசித்தவர் வீட்டுக்கு. இருப்பவராக இருந்தால் அவரிடமே, இல்லையென்றால் குடும்பத்தாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கேட்கவைத்து, அதன் பிறகு சம்மதம் கேட்கிறோம். பதிவைக் கேட்காமலே சம்மதம் சொல்ல வந்தவர்களையும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று உட்காரவைத்திருக்கிறோம். புதிதாகப் பதிவு செய்யும் இளைஞர்கள் இப்போது மேளம் ஆரம்பிக்கும் முன்பே வித்வானிடம் போய், “பதிவு பண்ணிக்கலாமா, ஐயா?” என்று கேட்கிறார்கள். மறுத்தவர்கள் மிகக் குறைவு. கேட்டதற்காகவே நன்றாக வாசிக்கிறேன் என்று சொன்னவரும் உண்டு.

இன்னும் முடியாதவை

அலமாரியில் உள்ள எல்லா வித்வான்களின் வீடும் இன்னும் தெரியவில்லை. பழைய கேசட்டுகளில் சிலவற்றின் அட்டையில் ஊர் பெயர் மட்டும் இருக்கிறது, வித்வான் பெயர் தண்ணீரில் அழிந்துவிட்டது. அவற்றை ஏற்றி வைத்திருக்கிறோம், வெளியே தருவதில்லை. சிதம்பரம், சீர்காழிப் பக்கத்து மூத்த தவில்காரர்களிடம் போட்டுக் காட்டிக் கேட்கிறோம். தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் ஒரு தீர்மானத்தை (முடிக்கும் சொற்கட்டை) வைத்தே யார் வாசிப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பதிவுகளுக்கு அப்படிப் பெயர் கிடைத்தது.

நாயனமும் தவிலும் ஒரே பதிவில் இருக்கும்போது இரண்டு வீட்டாரின் விருப்பமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தேர்த் திருவிழாப் பதிவுக்கு நாயனக்காரர் குடும்பம் சந்தோஷமாகச் சம்மதித்தது. தவில்காரர் வீட்டில், பெரியவர் மகள் வெளியூரிலிருந்து வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். மறுப்பவர், அல்லது காத்திருக்கச் சொல்பவர் யாரோ அவர் சொல்லே நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பதிவின் பிரதிகள் இரண்டு வீட்டிலும் இருக்கின்றன. வேறு யாருக்கும் இதுவரை தரவில்லை.